ஈப்புலிக்கு முகம் மட்டும் போதாது

செம்பருத்தி இலையில் நிற்கும் ஈப்புலியிடம் கேமராவைக் கொண்டுபோனால் அது திரும்பிப் பார்க்கிறது. வண்ணத்துப்பூச்சியாக இருந்தால் பறந்துவிடும். தும்பி இடம் மாறி உட்காரும். ஓணான் கிளையின் மறுபுறம் போய் ஒட்டிக்கொள்ளும். நெல்மணியளவே இருக்கும் இந்தக் குதிக்கும் சிலந்தி மட்டும் உடம்பை நம் பக்கம் திருப்பி, முன்னங்கால்களை ஊன்றித் தலையை உயர்த்தி, லென்ஸை நேருக்கு நேர் நோக்கும். நாம் இடப்பக்கம் நகர்ந்தால் அதுவும் நம்மைத் தொடர்ந்து திரும்பும். பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. விடுமுறைக் காலைகளில் பூங்காச் செடிகளுக்கு நடுவே குனிந்து நின்று இந்தச் சிலந்திகளைப் படமெடுப்பது, யாரும் சொல்லாமல் நானே ஏற்றுக்கொண்ட வேலை.

இதற்காகக் களக்காட்டுக்கோ முண்டந்துறைக்கோ போகிறீர்களா என்று உடன் வேலை செய்பவர்கள் கேட்பார்கள். மலை இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், நம் பக்கத்தில் இயற்கை என்பது பாபநாசத்துக்கு மேலேதான் தொடங்குகிறது என்ற எண்ணம் ஆழப் பதிந்துவிட்டது. மலையின் செல்வம் தனி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சிலந்திக் குடும்பங்களிலேயே மிகப் பெரியது குதிக்கும் சிலந்திகளின் குடும்பமான சால்டிசிடே. அதில் 6,000-க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2022 ஏப்ரலில் உலகச் சிலந்திப் பட்டியலில் 50,000-ஆவது இனம் பதிவானபோது, அந்த எண்ணைப் பெற்றதும் தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு குதிக்கும் சிலந்திதான். குரியூரியஸ் மினுவானோ என்பது அதன் பெயர். இத்தனை பெரிய குடும்பம் காட்டுக்குள் மட்டும் அடங்கியிருக்க முடியுமா? கொக்கிரகுளத்து அறிவியல் மையத்தின் செடிவரிசையில் இருக்கிறது. குறுக்குத்துறை ஆற்றங்கரையின் மருத மரப்பட்டையில் இருக்கிறது. நம் வீட்டுத் துணி காயும் கொடியில் இருக்கிறது.

சுவரிலிருந்தே தொடங்கலாம். வெயில் விழும் காம்பவுண்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில், தட்டையாக, நின்று நின்று ஓடுவது மெனெமெரஸ் பைவிட்டாட்டஸ். ஓர் ஈ வந்து உட்கார்ந்ததும் இதன் நடை மாறிவிடும். உடலைச் சுவரோடு தாழ்த்தி, ஈ முகம் கழுவும் நேரத்தில் மட்டும் நகர்ந்து, அது அசையாமல் நின்றால் தானும் நின்று, கடைசியில் ஒரே தாவலில் முடித்துவிடும். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கத் தகுந்த வேட்டை இது. ஜன்னல் சட்டத்திலும் வாசல் விளக்கடியிலும் இருப்பது ப்ளெக்சிப்பஸ் பேகுல்லி. ஆணுக்குக் கறுப்பில் வெள்ளைப் பட்டைகள், பெண்ணுக்குப் பழுப்பு. தொட்டிச் செடிகளுக்கு இடையே ஹசாரியஸ் அடன்சோனி இருக்கும். அதன் ஆணுக்குக் கறுப்பு உடம்பு, கண்களைச் சுற்றிச் செம்மை, வயிற்றின் மேல் வெள்ளைப் பிறை. இந்த மூன்றும் மனிதரோடு சேர்ந்தே உலகின் வெப்பநாடுகளெங்கும் பரவியவை. வீட்டை விட்டு வெளியே போகாமலேயே மூன்று இனங்களைப் படமெடுக்கலாம் என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வேன்.

பூங்காவில் கதை வேறு. இட்லிப்பூச் செடியின் மேலிலைகளில் ஃபின்டெல்லா விட்டாட்டா திரியும். கரிய உடலின் குறுக்கே நீலமும் வெண்மையுமாக மின்னும் பட்டைகள். அந்த மினுக்கத்தில் நம் கண்ணுக்கு எட்டாத ஒரு பங்கும் உண்டு. இந்த இனத்தின் ஆண்கள் யுவி-பி என்னும் புற ஊதா ஒளியைப் பிரதிபலிக்கின்றன என்றும், பெண்கள் அதைக் கண்டு அந்த ஆண்களையே விரும்புகின்றன என்றும் 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதுவரை யுவி-பி ஒளியை விலங்குகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. என் கேமரா அதைப் பதிவு செய்யாது. நான் எடுக்கும் ஃபின்டெல்லா படம் ஒவ்வொன்றும், பெண் சிலந்தி பார்ப்பதைவிடக் குறைவான ஒன்று. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறு உயிரின் மேல் மரியாதை கூடுகிறது.

அகன்ற இலைச் செடிகளில் ஹில்லஸ் செமிகூப்ரியஸ் இருக்கும். பருத்த உடம்பும் நிறைய மயிரும் கொண்டது. தன்னைவிடப் பெரிய ஈயையும் பிடிக்கும். டெலமோனியா டிமிடியாட்டாவின் பெண் வெளிர்மஞ்சள் வயிற்றில் இரண்டு செங்கோடுகளோடு இலையின் அடிப்புறத்தில் நிற்கும். இவற்றைப் பற்றி விரைவாகச் சொல்லிக் கடந்து போகிறேன். நான் நின்று சொல்ல விரும்புவது முசுறுகளோடு வாழும் சிலந்தியைப் பற்றி.

மாமரத்தில் இலைகளைப் பட்டால் ஒட்டிக் கூடு கட்டும் முசுறு எறும்பை அறியாதவர் நம் பக்கத்தில் இல்லை. அந்தச் சாரையில் ஒன்று எறும்பாக இருக்காது. செம்மஞ்சள் நிறம், ஒடுங்கிய இடுப்பு, நீண்ட கால்கள், ஓடும் ஓட்டம் எல்லாம் முசுறுவேதான். ஆனால் அது மிர்மப்ளாட்டா பிளாட்டாலியாய்டிஸ் என்னும் குதிக்கும் சிலந்தி. எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு; ஆகவே முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்புகளாகத் தூக்கி ஆட்டிக்கொண்டு மீதி ஆறில் நடக்கும். ஆணின் தாடைகள் முன்னால் நீண்டு, நுனியில் கண்போன்ற கரும்புள்ளியோடு இருப்பதால், ஓர் எறும்பு இன்னொன்றைக் கவ்விக்கொண்டு போவதாகவே தோன்றும். முசுறுவின் கடியையும் அமிலத்தையும் அறிந்த பறவையும் குளவியும் இதையும் தொடத் தயங்கும். இவ்வளவுக்கும் இந்தச் சிலந்தி எறும்புகளோடு உறவாடுவதில்லை. எறும்பு எதிரே வந்தால் விலகிக்கொள்ளும். கூட்டத்தில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. கையை மெதுவாக நீட்டினால் முசுறு தாடையைத் திறந்துகொண்டு முன்னேறி வரும். சிலந்தியோ இலையின் அடிப்பக்கம் போய்விடும், இன்னும் நெருங்கினால் நூல் விட்டுக் கீழே இறங்கும். வீரம் காட்டாத எறும்பைத் தேட வேண்டும். படம் கிடைப்பதற்குள் உண்மையான முசுறுகள் சட்டைக் கைக்குள் ஏறியிருக்கும், அதற்குத் துணிந்துதான் மாமரத்தடிக்குப் போக வேண்டும்.

இனி அந்தப் பார்வையைப் பற்றி. குதிக்கும் சிலந்திக்கு எட்டுக் கண்கள். முகத்தின் நடுவிலுள்ள பெரிய இரண்டுதான் கூர்மையாகக் காண்பவை. மற்றவை சுற்றிலும் அசைவைக் காண்பவை. பின்னாலிருந்து விரலை நீட்டினாலும் அது திரும்பிவிடுவது இதனால்தான். பெரிய கண்கள் தலைக்குள் நீளும் குழாய்கள். லென்ஸ் உடலோடு பொருந்தியிருப்பதால் அசையாது. உள்ளேயிருக்கும் விழித்திரையைத் தசைகள் அசைக்கின்றன. அதாவது, வெளியே எந்த அசைவும் தெரியாமல் அதனால் ஒரு பொருளை மேலும் கீழும் அலசிப் பார்க்க முடியும். போர்ஷியா என்னும் குதிக்கும் சிலந்தி வகையின் கண்ணைவிட மனிதக் கண் ஐந்தாறு மடங்குதான் கூர்மையானது. பூச்சிகளில் சிறந்த கண் கொண்ட தும்பியும் அதற்குப் பின்னால்தான்.

படமெடுக்கிறவருக்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறது. விழித்திரை நம்மை நோக்கியிருக்கும்போது அந்தக் கண் கருங்கறுப்பாகத் தெரியும். அது வேறு பக்கம் திரும்பினால் கண்ணின் நிறம் வெளிறும். சில இனங்களில் தேன்நிறம், சிலவற்றில் பச்சை. உடல் நம்மை நோக்கி இருந்தாலும் கவனம் இங்கே இல்லை என்று பொருள். இரண்டு கண்ணும் கறுத்து நிற்கும் கணத்தில் ஷட்டரை அழுத்தினால், அந்தப் படத்தைப் பார்ப்பவர் ஒவ்வொருவரும் தாங்கள் பார்க்கப்படுவதாக உணர்வார்கள். அது கற்பனை இல்லை. அந்தக் கணத்தில் சிலந்தி உண்மையிலேயே என்னைப் பார்த்தது.

2012-இல் ஜப்பானின் ஒசாகா ஆய்வாளர்கள் நம் வீட்டுத் தொட்டியடியில் திரியும் அதே ஹசாரியஸ் அடன்சோனியை வைத்து ஒரு கேள்விக்கு விடை கண்டார்கள். இவ்வளவு துல்லியமாகத் தாவும் சிலந்தி தூரத்தை எப்படி அளக்கிறது? பெரிய கண்ணின் விழித்திரை நான்கு அடுக்குகளால் ஆனது. ஆழத்திலுள்ள இரண்டு அடுக்குகளும் பச்சை ஒளியை உணர்பவை. ஆனால் அவற்றில் கடைசி அடுக்கில் மட்டும்தான் பச்சை ஒளியின் பிம்பம் தெளிவாக விழுகிறது. அதற்கு முன்னுள்ள அடுக்கில் விழும் பிம்பம் எப்போதும் மங்கலானது. அந்த மங்கல் எவ்வளவு என்பது பொருளின் தூரத்தைப் பொறுத்து மாறும். சிலந்தி அதை வைத்தே தூரத்தைக் கணிக்கிறது. பச்சை ஒளியில் அவை சரியாகத் தாவின. சிவப்பு ஒளியில் மட்டும் விட்டபோது இலக்குக்கு முன்னாலேயே விழுந்தன. சிற்றுயிர்களை மிக நெருங்கி மேக்ரோ படமெடுக்கிறவர்கள் வாழ்நாள் முழுவதும் போராடுவது மங்கலோடுதான். நாங்கள் ஒழிக்கப் பார்க்கும் அந்த ஃபோகஸ் பிசகை இந்தச் சிலந்தி அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிறது. இதைப் படித்த பிறகு ஒரு கண்ணில் மட்டும் ஃபோகஸ் விழுந்த படங்களை நான் முன்போல உடனே அழித்துவிடுவதில்லை.

எங்கள் மங்கல் எவ்வளவு கடுமையானது என்பதையும் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ், அதன் முன்னால் மாட்டும் ரேநாக்ஸ் 250 என்ற சிறு லென்ஸ், ஒரு ஃபிளாஷ். சிலந்தியின் உண்மை அளவே சென்சாரில் விழும்படி நெருங்கினால், லென்ஸின் ஒளித்துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்கினாலும் தெளிவாக விழும் பகுதி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இரு மடங்கு பெருக்கினால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். முன்கண்கள் தெளிந்தால் பின்கால்கள் கரைந்துவிடும். துளையை இன்னும் சுருக்கலாமே என்றால், ஒளியின் விளிம்பு விளைவால் படம் முழுவதும் மழுங்கிப்போகும். தானியங்கி ஃபோகஸ் இங்கே உதவாது. ஃபோகஸ் தூரத்தை நிலையாக வைத்துக்கொண்டு, நம் உடம்பைத்தான் இம்மி இம்மியாக முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். நான் இடக்கையால் செடியின் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸை வைத்துக்கொள்வேன். காற்றில் இலை ஆடினால் லென்ஸும் சேர்ந்து ஆடும், இடைவெளி மாறாது. இத்தனை ஆண்டுகளில் நான் கற்ற நுட்பங்களில் இதற்கு இணையாக உதவியது வேறில்லை.

ஃபிளாஷ் அவசியம். குறைந்த விசையில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியைவிடக் குறுகிய நேரமே மின்னும். சிலந்தியின் அசைவும் நம் கை நடுக்கமும் அதற்குள் தெரியாமல் போய்விடும். ஆனால் நேரடி ஃபிளாஷ் சிலந்தியின் கண்ணில் சுரீரென்று ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்துவிடும். ஆகவே ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் வேண்டும். மின்சாதனப் பெட்டிகளில் பொருளைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளை வளைத்து ஒட்டி என்னுடையதைச் செய்தேன். அதன் வடிவம் ஒவ்வொரு சிலந்தியின் கண்ணிலும் ஒரு சிறு வெள்ளைச் சாளரமாகத் தெரியும். இவ்வளவும் வாங்க முடியாதவர்கள் பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வளையம் ஒன்றைத் தேடலாம். செல்பேசியில் கவ்வும் மேக்ரோ லென்ஸும் மோசமில்லை. என் மாணவி ஒருத்தி அதை வைத்து எடுத்த ப்ளெக்சிப்பஸ் படத்தில் கண்ணைச் சுற்றியுள்ள மயிர்களை எண்ணலாம்.

இப்போது என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிலந்தியின் முகம் அழகானது. அதனால் அதன் முகத்தை மட்டுமே எடுக்கிறார்கள். கறுப்புப் பின்னணி, நடுவில் நான்கு கண்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. திருநெல்வேலியில் எடுத்ததா, தாய்லாந்தில் எடுத்ததா, இலையில் நின்றதா, சுவரில் நின்றதா, பசியோடு இருந்ததா, இணை தேடியதா என எதுவும் அந்தப் படத்தில் இல்லை. கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒளியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். டிஃப்யூசரிலிருந்து மூன்று சென்டிமீட்டரில் நிற்கும் சிலந்திக்குக் கிடைக்கும் ஒளியில் நூறில் ஒரு பங்குதான் முப்பது சென்டிமீட்டர் தூரத்திலுள்ள இலைக்குக் கிடைக்கும். கேமராவுக்கு அது இருட்டு. சிலந்தி நின்ற இடமோ பட்டப்பகல் பூங்கா.

மாற்றுவது கடினமில்லை. சிலந்திக்குப் பின்னால் இரண்டு மூன்று விரற்கடை தூரத்தில் இன்னொரு இலையோ பூவோ வரும்படி கோணத்தைத் தேடலாம். கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை ஏற்றி, ஷட்டரைச் சற்று மெதுவாக்கி, வெயிலையும் உள்ளே விடலாம். முகம் எடுத்த பிறகு ஒரு முழம் பின்வாங்கி, இலை முழுவதையும், அதில் வழிந்த பறவை எச்சத்தையும், ஓரத்தில் வரும் எறும்பையும் சேர்த்து ஒரு படம் எடுக்கலாம். இட்லிப்பூவின் செந்நிறம் பின்னால் பரவ, வாயில் ஒரு கொசுவோடு நிற்கும் ஃபின்டெல்லா படம் என்னிடம் உண்டு. அதில் கண்கள் அவ்வளவு கூர்மையாக விழவில்லை. நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம் என்று நம்புகிறேன்.

படத்துக்காகச் சிலந்தியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மரக்கச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தலையில் நீர்த்துளி வைப்பதற்காக ஊசியோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இது எனக்குச் சிறிதும் ஏற்புடையதில்லை. குதிக்கும் சிலந்தியின் வாழ்வே அதன் விழிப்பில் இருக்கிறது. அதைப் பறித்துவிட்டு எடுக்கும் படத்தில் மிஞ்சுவது நிறமும் மயிரும்தான். பொறுமையாக நின்றால் அதுவே வரும். லென்ஸின் கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டு, எதிரி என்று எண்ணி முன்னங்கால்களைத் தூக்கி மிரட்டும் ஆண் ப்ளெக்சிப்பஸைக் குளிர்பெட்டியா தந்துவிடும்?

தாவலைப் படமெடுப்பது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தாவுவதற்கு முன் அது வயிற்று நுனியால் இலையை ஒரு கணம் தொடும். காப்பு நூலை அங்கே ஒட்டுகிறது. தவறி விழுந்தால் அந்த நூலைப் பிடித்து மேலேறி வரும். அந்தத் தொடுகையைக் கண்டவுடன் விரல் தயாராக வேண்டும். தாவும் விசை பெரிய தசையிலிருந்து வருவதில்லை. சிலந்தியின் காலில் சில மூட்டுகளை மடக்கத்தான் தசை உண்டு, நீட்டத் தசை கிடையாது. உடல்திரவத்தை அழுத்தத்தோடு செலுத்தித்தான் அந்தக் காலை நீட்டுகிறது. செத்த சிலந்தியின் கால்கள் உள்நோக்கிச் சுருண்டு கிடப்பது அழுத்தம் போய்விட்டதால்தான். நீர்ம அழுத்தப் பாடத்துக்கு ஜேசிபியின் கையை உதாரணம் காட்டி வந்த நான், இப்போது வகுப்பின் மூலையில் கிடக்கும் செத்த சிலந்தியைத்தான் எடுத்து வைக்கிறேன். பிள்ளைகள் மறப்பதில்லை.

காலத்தைப் பொறுத்தவரை நம் ஊருக்கு ஒரு தனிக் கணக்கு. ஆனியும் ஆடியும் காற்று மாதங்கள். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி வரும் தென்மேற்குக் காற்று குற்றாலத்தில் சாரலாக விழுந்துவிட்டு, நமக்கு வெறுங்காற்றாக வந்து சேரும். இலையில் எதையும் எடுக்க முடியாது. அப்போது நான் சுவர்களுக்கும் மரப்பட்டைகளுக்கும் போய்விடுவேன். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு செடிகள் தழைத்து, பூச்சி பெருகி, மார்கழி பாதியிலிருந்து மாசி முடியும்வரை நல்ல காலம். விடிந்ததும் போய்ப் பயனில்லை. பனி காயும்வரை அவை இலை மடிப்புக்குள் தங்கள் பட்டுறையில்தான் இருக்கும். வெயில் இலையைத் தொட்ட பிறகு வெளியே வரும். சித்திரையில் இதற்கு நேர்மாறு: எட்டரை மணிக்குள் முடித்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.

சிலந்தி என்றால் பயம். என் அத்தை, சிலந்தி ஊர்ந்தால் தோல் வெந்துவிடும் என்று இன்றும் சொல்வார். அவர் சொல்லும் தடிப்பு கற்பனையில்லை. பிசான நெல் நிற்கும் காலத்தில் இரவு விளக்குக்கு வரும், செம்மஞ்சளும் கறுப்புமான ஒல்லியான சிறு வண்டு ஒன்று உண்டு. பேடரஸ் என்பது அதன் பேரினம். உடம்பில் ஊரும்போது அதைத் தெரியாமல் நசுக்கினால் அதிலுள்ள நச்சு தோலில் பட்டு, மறுநாள் தீய்ந்த கோடாக எரியும், கொப்புளிக்கும். தூக்கத்தில் நடந்ததற்குச் சாட்சி இல்லாததால், காலையில் சுவரில் நிற்கும் சிலந்தியின் மேல் பழி விழுந்துவிடுகிறது. அத்தையிடம் அந்த வண்டைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார், என்றாலும் பூஜை அறையில் சிலந்தி வேண்டாம் என்றார். பயத்தைப் பரப்புவதற்கு ஊர் வழக்கு மட்டும் காரணமில்லை. 2002 வாக்கில், கழிப்பறை இருக்கைக்கு அடியில் மறைந்திருந்து ஆளைக் கொல்லும் சிலந்தி என்று ஒரு மின்னஞ்சல் உலகெங்கும் சுற்றியது. அதில் குற்றவாளியாகக் காட்டப்பட்டது, மேலே நான் சொன்ன இரட்டைக் கோட்டு டெலமோனியா! நம் பூங்கா இலையின் அடியில் ஒதுங்கி நின்று தன் முட்டைகளைக் காக்கும் அந்தச் சிலந்தியால் மனிதருக்கு எந்த ஆபத்தும் இல்லை.

ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருந்து வருகிறது. பூங்காச் செடிகளை அழகாக வைத்திருப்பது என்றால் மேற்பரப்பைச் சமதளமாக வெட்டுவது என்று ஆகிவிட்டது. குதிக்கும் சிலந்திகளின் பட்டுறை பெரும்பாலும் அந்த மேலடுக்கு இலைகளில்தான் இருக்கிறது. தாய் முட்டைகளை அங்கே வைத்து, குஞ்சு பொரித்துக் கலைந்து போகும்வரை காவல் இருக்கும். ஒரு கத்தரிப்பில் அத்தனையும் குப்பை வண்டிக்குப் போய்விடும். நான் வழக்கமாகப் போகும் பூங்காவின் தோட்டக்காரரிடம் ஒருநாள் ஓர் உறையைப் பிரிக்காமல், வெயிலுக்கு எதிரே இலையைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே தாயின் நிழல் தெரிந்தது.

"டீச்சர், இத்தனை நாள் இதைப் பூஞ்சை என்று நினைத்து வெட்டிப் போட்டேனே" என்றார்.

"எல்லா வரிசையையும் ஒரே நாளில் வெட்டாமல் இருக்க முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். ஆகஸ்ட் 15-க்கு முன் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்வார்கள், அதை அவரால் மீற முடியாது. மற்ற மாதங்களில் ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக வெட்டுகிறார். வெட்டிய கிளைகளை அன்றே அள்ளாமல் ஓர் இரவு செடியடியிலேயே போட்டு வைக்கிறார். நடக்க முடிந்தவை ஏறிப் போய்விடும். பூச்சிமருந்து விஷயத்தில் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மாவுப்பூச்சி வந்தால் என்ன செய்வது என்று அவர் கேட்கும் கேள்வியும் நியாயமானதுதான்.

கடைசியாக அடையாளம் காண்பது பற்றி ஒரு வார்த்தை. முகப் படம் மட்டும் இருந்தால் பல நேரம் பேரினத்தைக்கூடச் சொல்ல முடியாது. மேலிருந்து வயிற்றின் கோலம், பக்கவாட்டில் தலையின் உயரம், முன்னங்கால்களின் நிறமும் பருமனும், முடிந்தால் ஆணின் வாயருகிலுள்ள குட்டைக் கைகள் என ஒரே சிலந்தியைப் பல கோணங்களில் எடுத்து வைக்க வேண்டும். அப்படியிருந்தும் நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய நிபுணர்கள் ஆணின் அந்தக் கைநுனி உறுப்பையும் பெண்ணின் வயிற்றடி உறுப்பையும் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். நான் எடுத்த இடம், நாள், செடியின் பெயர் மூன்றையும் சேர்த்தே, உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிகிறேன். எந்தச் செடி என்று எழுதி வைத்ததால்தான், ஒரே வேலியில் ஃபின்டெல்லா இட்லிப்பூவையும் டெலமோனியா பக்கத்துச் செம்பருத்தியையும் விரும்புவது என் கண்ணில் பட்டது.

பூங்காவின் வடக்கு வரிசையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பழுப்புச் சிலந்தி இருக்கிறது. நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு, கடைசிக் கால்களில் வளையங்கள். இதுவரை கிடைத்தவை எல்லாம் பெண்களும் குஞ்சுகளும். படங்களைப் பார்த்தவர்கள், குதிக்கும் சிலந்திக் குடும்பம் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆண் இல்லாமல் மேலே சொல்ல முடியாது என்கிறார்கள். தை பிறந்ததும் அந்த வரிசையை இலை இலையாகப் பார்க்கப்போகிறேன். அதுவரை அந்தப் பக்கம் கத்தரியைக் கொண்டுபோவதில்லை என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.